ஒரு சாண் ஆழம்

தேரித்துறையில் கடலாட வந்தவர்கள் அந்தக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் போனவற்றையெல்லாம் வரிசையாக வைத்தால் கோயில் வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை நீளும் என்று ஊரார் சொல்வதில் மிகை உண்டு. ஆனால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து, மூத்தோரை நினைத்து மூன்று முழுக்குப் போட்டு, மூன்றாம் முழுக்கில் விரலிலோ காதிலோ காலிலோ இருந்ததை அலைக்குள் நழுவவிட்டு, கரையேறிய பின்பே அதை அறிந்து, ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்துவிடுகிறவர்களின் அழுகையில் மிகை ஏதும் இல்லை. அந்த அழுகையைக் கேட்கப் பொறுக்காமல்தான் தங்கபுஷ்பம் டீச்சர் மெட்டல் டிடெக்டர் வாங்கினார் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதை அவள் மறுக்கவில்லை. உண்மையில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மோதிரம். அதற்கு வருவோம், முதலில் கருவி.

தங்கபுஷ்பத்துக்கு வயது நாற்பத்தெட்டு. தேரித்துறை மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அந்தக் கரையில் பிறந்தவர்களின் நாக்கில் ழகரம் தங்காது. மழை மளையாகும், பழம் பளமாகும், கிழமை கிளமையாகும். இந்தக் குற்றத்துக்காக அவள் வகுப்பில் பெஞ்சின்மேல் ஏறி நின்றவர்கள் இப்போது வள்ளம் ஓட்டுகிறார்கள், மீன் ஏலம் விடுகிறார்கள், ஒருவர் பேரூராட்சி உறுப்பினராகவும் இருக்கிறார். அவளை எதிரே கண்டால் இன்றைக்கும் அவர்கள் ழகரம் இல்லாத சொற்களாகத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு விலகிக்கொள்வார்கள். அவள் கணவர் கடற்கரையில், கடலாடியவர்கள் உடம்பின் உப்பைக் கழுவிக்கொள்வதற்கென்று ஆறு நல்ல தண்ணீர்க் குளியலறைகள் நடத்திவந்தார். பலகையில் 'அண்ணாச்சி குளியலறை' என்று எழுதியிருந்தது. ஊருக்கும் அவர் குளியலறை அண்ணாச்சிதான். அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதை வாக்காளர் பட்டியல் மட்டுமே நினைவில் வைத்திருந்தது.

கருவி வந்த பெட்டியின்மேலேயே அது புதிதாகக் கற்பவர்களுக்கானது என்று அச்சிட்டிருந்தது. மஞ்சள் கைப்பிடி, இடுப்புயரத் தண்டு, தண்டின் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். வட்டம் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக்கூடாது. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே என்ன கிடந்தாலும் அதற்குத் தெரியாது. பொன்னுக்கும் சோடா மூடிக்கும் ஒரே கீச்சு. உப்பு ஊறிய ஈர மணலைக் கண்டாலோ காரணமில்லாமலே கத்தும். இவ்வளவு குறைகளோடும் அதைத் தங்கபுஷ்பம், பின்பெஞ்சு மாணவனைப் பழக்குவதுபோல் கடுமையாகவும் சலிக்காமலும் பழக்கினாள். எந்தக் கீச்சு மின்கலத்தின் பசி, எந்தக் கீச்சு பொய், எந்தக் கீச்சு மெய் என்று இரண்டே மாதத்தில் பிரித்தறிந்தாள்.

மூன்றாம் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அலை வந்து திரும்பும் விளிம்பில் வட்டத்தை வீசிக்கொண்டு நடந்தபோது, கருவி கீச்சிடாமல், சிறிய வானொலிப்பெட்டியின் குரலில், தெளிவாக, "பேபி" என்றது.

பத்தடி தள்ளிக் கால் நனைத்துக்கொண்டிருந்த எழுபது வயது அம்மாள் ஒருவர் திரும்பினார்.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

"இந்த மெஷின் கூப்பிட்டது" என்றாள் தங்கபுஷ்பம், குனிந்து மணலைக் கிளறியபடி.

"எங்க அம்மை மட்டும்தான் என்னைய அப்படிக் கூப்பிடுவா. அவ போயி நாப்பது வருசமாச்சு."

மணலிலிருந்து ஒரு கம்மல் வந்தது. முந்தின நாள் விழுந்தது. அந்த அம்மாளின் காதில் அதை முதன்முதலில் மாட்டியவள் அவருடைய அம்மை. அவர் அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, காதில் போட்டுக்கொண்டு, இங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தங்கபுஷ்பம் சவரியம்மாளின் டீக்கடையைக் காட்டினாள்.

ஏன் பேசியது, எப்படிப் பேசியது என்று தேரித்துறையில் எவரும் நேரத்தை வீணாக்கவில்லை. தங்கபுஷ்பம் மட்டும், முறை என்று ஒன்று இருப்பதால், கருவி செய்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மின்கலத்தை மாற்றிப் பார்க்கவும் என்று பதில் வந்தது. மாற்றினாள். குரல் இன்னும் துலக்கமானது. அதற்குள் ஊர் அதற்குக் கூப்பிடுகம்பு என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்த பிறகு அதிசயப்பட என்ன இருக்கிறது?

சில வாரங்களில் அதன் இலக்கணம் பிடிபட்டது. யாரும் யாருக்கும் அணிவிக்காத பொருளுக்கு, ஆணிக்கும் மூடிக்கும் தகரத்துக்கும், அது வெறுமனே கீச்சிடும். ஒருவர் ஒருவருக்கு அணிவித்த பொருளென்றால், தொலைவதற்கு முன் அணிவித்தவர் அணிந்தவரைக் கடைசியாக எப்படிக் கூப்பிட்டாரோ, அந்தச் சொல்லைச் சொல்லும். வங்கி மேலாளர் ஒருவரின் சங்கிலி அவரை "பூனைக்குட்டி" என்று கூப்பிட, அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு வந்து கையெழுத்திடுகிற தோரணையில் வாங்கிப்போனார். அவர் மனைவி வேனைவிட்டு இறங்கவேயில்லை.

ஆனால் அந்த அதிசயம், நம்மைப்போன்றவர்கள் நடுவே வந்து விழுந்ததால், முதல் தை அமாவாசையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அன்று கரையில் எள் விழ இடமில்லாத கூட்டம். நண்பகலுக்குச் சற்று முன், படித்துறைக்கு வடக்கே, கூப்பிடுகம்பு உரத்த குரலில் "ஏங்க" என்றது.

நாற்பது ஆண்கள் திரும்பினார்கள். தண்ணீருக்குள் நின்றவர்கள் கரையேறினார்கள், மொட்டையடித்துக்கொண்டிருந்த ஒருவர் பாதித் தலையோடு எழுந்து வந்தார், இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர் குழலை வாயிலிருந்து எடுக்காமலே ஓடிவந்தார். கிடைத்தது ஒரு மோதிரம். நாற்பது பேருக்கும் மோதிரம் அணிவித்தவள் மனைவி. நாற்பது மனைவியரும் கணவனைக் கூப்பிடுவது அந்த ஒரே சொல்லால். பிறகு "பாப்பா" என்றது, கரையில் இருந்த குழந்தைகளில் பாதி வந்தன. "தம்பி" என்றது, கடல் ஒருகணம் காலியானது.

தங்கபுஷ்பம் கோயில் அலுவலகத்துக்குப் போய் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, தானே அறிவித்தாள்: கடலில் இறங்குமுன், உங்களுக்கு நகை அணிவித்தவர் உங்களுடன் வந்திருந்தால், உங்களை ஒருமுறை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்யுங்கள், பொருள் தொலைந்தால் பெயர் நிற்கும்.

அந்த அறிவிப்பு அந்தக் கரையில் செய்ததை வேறு எந்தச் சட்டமும் செய்ததில்லை. முதலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கோயில் கோபுரத்து வேலைக் காட்டி, "அதுதான் இவுக பேரு" என்றாள். கருவிக்கு ஜாடை புரியாது என்று தங்கபுஷ்பம் அவளை அதட்டினாள். ஒருத்தி கணவனின் காதில் சொன்னாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, மருந்து விழுங்குவதுபோல், "வேலாயுதம்" என்று சொல்லிவிட்டு, தலையில் எதுவும் வந்து விழவில்லை என்று கண்டு, இன்னொருமுறை ருசிபார்த்துச் சொன்னாள். ஆண்டு முடிவதற்குள் தேரித்துறைப் பெண்கள் மீன் வாங்கப் போகும்போதும் கணவன்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள். சவரியம்மாள் தன் கணவரை எட்டுக் கடைக்குக் கேட்கும்படி "தொம்மை! பாலு பொங்குது!" என்று கூப்பிட்டாள். தொம்மை புது மாப்பிள்ளையைப்போல ஓடிவந்தார்.

பெயர் சொல்லாதவள் ஊரிலேயே ஒருத்திதான்.

"ஊருக்கெல்லாம் மைக்கு போட்டுச் சொல்லுதீய. அண்ணாச்சியப் பாத்து நீங்க ஒரு நாளாவது வாயத் திறந்திருக்கீயளா டீச்சர்?" என்று சவரியம்மாள் கேட்டாள்.

"அவர் மோதிரம் போடுவதில்லை. அதனால் தேவை இல்லை."

"ஏன் போடலையாம்?"

"டீயில் சர்க்கரை அதிகம்" என்றாள் தங்கபுஷ்பம்.

இப்போது அந்த மோதிரத்துக்கு வரலாம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மணமேடையில், தன் தந்தை செய்துகொடுத்த மோதிரத்தைக் கணவருக்கு அணிவித்தவள் தங்கபுஷ்பம். மணமான முதல் இரண்டு மாதம் அவள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அறைக்குள் மட்டுமல்ல, வாசலிலும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவள் பொருட்படுத்தவில்லை, பெயர் கூப்பிடுவதற்குத்தானே வைக்கப்படுகிறது என்பது அவள் வாதம். ஒரு நாள் காலை அவர் துண்டை மறந்துவிட்டுக் கடலுக்குப் போக, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுத்துக்கொடுத்தாள். அவர் வெறும் விரலோடு திரும்பிவந்தார்.

"மோதிரம் கடல்ல போச்சு" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதே வாரம் அவருடைய அக்காள் கணவரின் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வந்தது. தங்கபுஷ்பம் கேள்வி கேட்கிற பெண்தான். ஆனால் விடை பொய்யாக இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் கேள்வி கேட்பது தன்னையே தாழ்த்திக்கொள்வது என்றும் நினைக்கிற பெண். அவள் விசாரிக்கவில்லை, நேரே தண்டனை கொடுத்தாள். மறுநாள் முதல் பெயரைப் பறித்துக்கொண்டு அவரை "ஏங்க" என்று கூப்பிட்டாள்.

இங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. அவள் விதித்தது தண்டனை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருமகளுக்கு ஒருவழியாக அடக்கம் வந்துவிட்டது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி, அவளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக்கொடுத்தார். தண்டிக்கப்பட்டவரோ, மனைவி தனக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று கொஞ்சம் கூச்சப்பட்டு, கொஞ்சம் பெருமைப்பட்டு, இருபத்திரண்டு ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார். அவளும் கெட்டுப்போகவில்லை. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கோயம்புத்தூரில் படிக்க அனுப்பி, மாலையில் இருவரும் ஒரே தட்டில் நிலக்கடலை உரித்துத் தின்று, அவர் சொல்லும் நகைச்சுவைக்கு அவள் சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, சரியாகவே வாழ்ந்தாள். ஆனால் அந்த மோதிரம் கடலில் கிடக்கிறதா, அடகுக்கடையில் கிடந்ததா என்பது மட்டும் சோற்றில் அகப்படும் சிறு கல்லைப்போல் நாள்தோறும் ஒருமுறை பல்லில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் கூப்பிடுகம்பு.

இரண்டாம் ஆண்டு ஆவணியில், படித்துறைக்குத் தெற்கே, பழைய தூண்டில் பாறைக்கு நேரே, ஈர மணலின்மேல் கருவி புதிதாக ஒன்று சொன்னது. "ஆழ்…" என்றது. அவ்வளவுதான். மறுபடி வீசினாள். மறுபடியும் "ஆழ்…" தொலைவிலிருந்து, தொண்டை அடைத்ததுபோல்.

உயிர்மீட்பு நீச்சல்காரன் கொம்பையா பக்கத்தில் நின்றான். அவளிடம் படித்தவன். "டீச்சர், ஆளம்னு சொல்லுது."

"ஆழம்."

"அதான். எனக்கு எட்டல, ஆளத்துல கெடக்குன்னு சொல்லுது. பாவம், அதுக்கே தெரிஞ்சுபோச்சு."

அவன் மண்வெட்டி எடுத்து முழங்கால் அளவு தோண்டினான். குழிக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தடுத்த நாள்களிலும் அந்த இடத்தில் அது அதையே சொல்லிற்று, வேறெங்கும் சொல்லவில்லை. செய்தி பரவியது. கருவி தன் எல்லையைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டது, பெரிய கருவி வாங்கச் சொல்லி அதுவே கேட்கிறது என்று ஊர் முடிவுகட்டியது. மனிதர்கள் யாரும் இவ்வளவு நேர்மையாகப் பதவி விலகியதில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மஸ்கட்டில் இருந்த அவள் தம்பி லிங்கதுரைக்கும் செய்தி எட்டியது. அவன் கார்த்திகையில் விடுமுறைக்கு வருவதாக இருந்தான். கைபேசித் திரையில் முகம் காட்டி, "அக்கா, நான் ஒண்ணு கொண்டாறேன். என் அன்பளிப்பு. நீ வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றான்.

"எவ்வளவு ஆழம் பார்க்கும்?"

"மூணு சாண், நாலு சாண். தண்ணிக்குள்ளயே முக்கலாம். உப்பு மணலுக்குக் கத்தாது. பொன்னு வேற, இரும்பு வேறன்னு பிரிச்சுக் காட்டும்."

"பேசுமா?"

"அது எப்படிக்கா பேசும்? திரையில நம்பர் காட்டும். அறுபத்தொண்ணுன்னா மோதிரம்."

இதைச் சவரியம்மாளிடம் சொன்னபோது அவள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "அறுவத்தொண்ணுன்னு கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான் டீச்சர்?"

"பொருள் கிடைத்தால் போதாதா?"

"கெடச்சு? மறுவடியும் நாப்பது பேரு வந்து எனக்குங்கான், உனக்குங்கான். இதுல பேரு சொல்லுது, அவன் வந்து வாங்குதான், போறான். என் கடைக்கும் வாறான்."

கொம்பையா மறுபக்கம். "நீங்க என்ன சொன்னாலும் சரி. எட்டாத கம்ப வச்சுக்கிட்டு எத்தன நாளு? ஒரு சாணுக்குக் கீள..."

"கீழ."

"...அடியில எம்புட்டுக் கெடக்கோ" என்று அவன் சொல்லை மாற்றிக்கொண்டான்.

தங்கபுஷ்பம் விடைத்தாள் திருத்துகிறவள். முடிவெடுக்கவும் அவளுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, இரண்டு கருவிகளுக்கும் மதிப்பெண் இட்டாள். ஆழம், பகுத்தறிதல், நனைதல், எடை. புதியது எல்லாவற்றிலும் வென்றது. பெயர் சொல்லுதல் என்ற கேள்விக்குப் புதியதற்குச் சுழி. எவ்வளவு மதிப்பெண்ணுக்குரிய கேள்வி அது என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. தாளை மடித்து வைத்தாள்; மறுநாள் எடுத்து மீண்டும் இட்டாள்; அதே இடத்தில் நின்றாள்.

உள்ளபடி அவளைத் தடுத்தது பெயரும் அல்ல. ஒரு சாணுக்குள் மோதிரம் இல்லை என்பது விடையே அல்ல. கடலுக்குள் எத்தனையோ சாண் இருக்கிறது, அது எங்கேயாவது கிடக்கலாம், அவர் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம். நான்கு சாணுக்குள்ளும் இல்லை என்று ஆகிவிட்டால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு அவள் அன்று மாலையும் வீட்டுக்குப் போய் ஒரே தட்டில் நிலக்கடலை உரிக்கவேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கான இந்த மஞ்சள் கருவி, தன் அறியாமையினாலேயே, இத்தனை நாள் தன் வீட்டைக் காத்துவந்தது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தபின் அதைப் பார்க்கக் கோபம் வந்தது. அறியாமையால் காக்கப்படுவதை அவள் எந்த மாணவனுக்கும் அனுமதித்ததில்லை.

கணவரிடம் கேட்டாள். பெயரில்லாமல், அடுப்பைப் பார்த்து, "பெரிய மெஷின் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறான்."

"வாங்கேன். நீ தேடுதது கெடைக்கணும்லா?"

"நான் என்ன தேடுகிறேன்?"

"ஊரார் தொலச்சத" என்றார் அவர், கடலைத் தோலை ஊதியபடி. அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பொய் சொன்னவனின் முகத்திலும் மெய் சொன்னவனின் முகத்திலும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே அமைதிதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை விமானம், வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சொல்லிவிடு, கடை அடைத்துவிடுவான் என்று லிங்கதுரை செய்தி அனுப்பினான்.

அந்த வாரம் வாடைக்காற்று மூன்று நாள் நிறுத்தாமல் அடித்தது. கரையில் கட்டியிருந்த வள்ளங்களைத் தெருவுக்குள் இழுத்துவைத்தார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வியாழக்கிழமை காலை காற்று நின்று, ஊர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தபோது, கடற்கரை பாதி இல்லை. படித்துறையிலிருந்து தூண்டில் பாறை வரை கடல் மணலை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது; முன்பு சமமாக இருந்த இடத்தில் தொடையளவு உயரத்துக்குப் படி விழுந்திருந்தது. அந்தப் படியின் கீழே, யாரோ அலமாரியைத் திறந்து வைத்ததுபோல், பழைய வள்ளத்தின் விலாக்கட்டையும், பாசி படிந்த நங்கூரமும், பல ஆண்டுச் செருப்புகளும் வெளியே கிடந்தன.

தங்கபுஷ்பம் படியின் மேல் நின்று அளந்தாள். கடல் மூன்று சாண் தோண்டியிருந்தது. தன் கையிலுள்ளது ஒரு சாண். மூன்றும் ஒன்றும் நான்கு. தம்பி கொண்டுவருவதாகச் சொன்ன ஆழத்தைக் கடல் ஒரு நாள் முந்திக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டது. இனி ஒரு சாணுக்குள் இல்லை என்றாலும் அது தீர்ப்புத்தான். வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். மணல் தானே வந்து மூடியிருக்கும். பங்குனிக்குள் கரை பழையபடி ஆகிவிடும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பின்னால் கொம்பையா வந்தான், சவரியம்மாள் கடையைத் தொம்மையிடம் விட்டுவிட்டு வந்தாள், புயல் பார்க்க வந்திருந்த பாதி ஊர் வந்தது. கருவி சோடா மூடிகளுக்குக் கீச்சிட்டது. "மதினி" என்று ஒரு கொலுசுக்குச் சொன்னது. யாரும் திரும்பவில்லை, எடுத்து வைத்தார்கள். தூண்டில் பாறைக்கு நேரே வந்தாள். வட்டத்தை வீசினாள்.

"ஆழ்…" என்றது.

"இன்னுமா ஆளம்?" என்றான் கொம்பையா.

அவள் வட்டத்தை மணலோடு மணலாக அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் திருப்பி இழுத்தாள்.

"ஆழ்வார்!" என்றது கருவி.

அது சிறிய வானொலிப்பெட்டியின் குரல் அல்ல. இருபத்தாறு வயதுப் பெண்ணின் குரல். வாசலில் நின்று தெருக்கோடிவரை கேட்கும்படி கூப்பிடுகிற குரல். யார் முகம் திரும்பினாலும் கவலைப்படாத குரல். அந்தக் கரையில் வேறெந்தத் தொண்டையிலிருந்தும் வரமுடியாத, நாவின் நுனி உள்ளே வளைந்து அண்ணத்தைத் தடவிய, பிழையற்ற ழகரம்.

"ஆள்வாரா? அது யாரு?" என்றான் கொம்பையா.

தங்கபுஷ்பம் அவனைத் திருத்தவில்லை. அதைக் கண்டுதான் அவன் பயந்துபோனான்.

சவரியம்மாள் மெல்ல, "டீச்சர், இது உங்க தொண்டையில்லா?" என்றாள்.

கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. ஆழ்வார் என்று எவரையும் அவர்களுக்குத் தெரியாது. கருவி மறுபடி, "ஆழ்வார்!" என்றது. அப்போது, ஐம்பது அடி தள்ளி, குளியலறைக்குப் பின்னால், மணல் அடைத்த குழாயைக் குத்திக்கொண்டிருந்தவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நேற்றும் அதற்கு முந்தின நாளும் அப்படியே கூப்பிடப்பட்டவரைப்போல, கொஞ்சமும் வியக்காமல் குரல் கொடுத்தார்:

"இந்தா வாறேன்!"

அவர் வந்து சேர்வதற்குள் அவள் மோதிரத்தை எடுத்துவிட்டாள். மேலே கறுப்பாக மண் படிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"பாத்தியா? கடல்ல போச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்லா" என்றார் அவர், பெரிதாகப் பெருமைப்படாமல்.

"சொன்னீர்கள்."

"நீ நம்பலையா?"

ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் ஊருக்காக உண்மையைச் சுருக்குகிறவள் அல்ல.

"நம்பவில்லை. எஞ்சினுக்குப் போனது என்று நினைத்தேன்."

"அந்த எஞ்சினா? அது அத்தான் அவுக அப்பாவோட தோப்ப வித்து வாங்குனது" என்றார். பிறகு ஏதோ தட்டுப்பட்டு நெற்றியைச் சுருக்கினார். "அதுக்கப்புறந்தான நீ பேரச் சொல்லுதத விட்ட? நான் மரியாத வந்துட்டுன்னுல்லா நெனச்சேன்."

"மரியாதை இல்லை. தண்டனை."

"இருவத்திரண்டு வருசமாவா?"

"ஆம்."

அவர் சற்று யோசித்தார். "அட, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நானும் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பேன்."

முதலில் சிரித்தவள் சவரியம்மாள். பிறகு தொம்மை கடையிலிருந்தே சிரித்தார், எதற்கென்று தெரியாமல். தங்கபுஷ்பம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கடித்து மரத்துப்போன உதடு அன்று கட்டுக்குள் நிற்கவில்லை. மோதிரம் அவருடைய மோதிரவிரலில் ஏற மறுத்தது, விரல் தடித்துவிட்டது. சுண்டுவிரலில் போட்டுவிட்டாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு லிங்கதுரை கூப்பிட்டான். "அக்கா, கடையில நிக்கேன். வாங்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரு சாணுதான பாக்கும் அது?"

"மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிக்கொடுக்கிறது. நீ நல்ல பேரீச்சம்பழம் வாங்கி வா, கொட்டை எடுக்காதது."

போனை வைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். வெயில் வந்துவிட்டிருந்தது, புயலுக்கு ஒதுங்கியிருந்த யாத்திரிகர்கள் கூட்டமாகக் கடலில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் கணவரும் குழாய்ச் சேறு போக ஒரு முழுக்குப் போடலாம் என்று, துண்டைக் குளியலறைக் கொடியிலேயே மறந்துவிட்டு, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மோதிரம் சுண்டுவிரலில் சற்றுத் தளர்வாகவே இருந்தது.

"ஏங்க!" என்றாள், பழக்கத்தில்.

பதினொரு ஆண்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. காது கேட்காதவர் அல்லர். நடை சற்று மெதுவானதை அவள் பார்த்தாள். ஆனால் திரும்பவில்லை.

தங்கபுஷ்பம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நாவை உள்ளே வளைத்து, தெருக்கோடிவரை கேட்கும்படி கூப்பிட்டாள்:

"ஆழ்வார்! துண்டு!"

ஒருவர் திரும்பினார்.